நாலடி ஏழங்குலம்

வண்டியை நிறுத்திவிட்டு
இறங்காமல் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன்.
சஸ்காச்சுவான், ஜனவரி, மைனஸ் முப்பத்தொன்று.
சொல்லச் சொல்ல வாக்கியங்கள்
கண்ணாடியில் உறைந்துகொண்டிருந்தன.

'லேஸ்யா, ஒரு விஷயம்' என்று தொடங்கக் கூடாது.
அப்படித் தொடங்கித்தான்
தொண்ணூற்றெட்டில் பனிவண்டி வாங்கினேன்.
இன்னமும் கொட்டகையில்
தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருக்கிறது,
மாப்பிள்ளை முறுக்கு குறையாமல்.

விலையை முதலில் சொல்வதா, கடைசியிலா?
ஒன்பதாயிரத்து நானூறு டாலர். வரி தனி.
வாய்க்குள் உருட்டிப் பார்த்தேன்.
சூடான கிழங்கு;
எந்தக் கன்னத்திலும் ஒதுங்கவில்லை.

முப்பது வருஷம் தானிய லாரி ஓட்டியவன் நான்.
முழங்கால் மாற்றிய குளிர்காலத்தில்
மகள் விட்டுப்போன தையல் மிஷின் முன்னால்
சும்மா உட்கார்ந்தேன்.
அதற்கு முன் நான் தைத்தவை
லாரியின் பாய் ஒன்று,
என் கட்டைவிரல் ஒருமுறை.

அவள் உருளைக்கிழங்கு பிசைந்துகொண்டிருந்தாள்.
கடன் சங்கத்தில் இருபத்தாறு வருஷம்
ஊராரின் ஆசைகளுக்கு முத்திரை குத்தியவள்,
குத்தாமலும் அனுப்பியவள்.
ஒத்திகை பார்த்ததெல்லாம் வாசல் மிதியடியோடு நின்றுவிட,
விலையை முதலில் சொல்லிவிட்டேன்.

பிசைவது நிற்கவில்லை.
"எத்தனை போர்வை முடித்திருக்கிறாய், ஒரெஸ்ட்?"
"நாலு."
"தொடங்கியது?"
ரேடியோவில் கோதுமை விலை சொன்னார்கள்.
இருவரும் முழுசாகக் கேட்டோம்.
"பதினொன்று."

பழசின் கழுத்து ஆறரை அங்குலம் என்றேன்.
இரட்டைக் கட்டில் போர்வையை அதற்குள் நுழைப்பது
பிறந்த கன்றைத்
திரும்பப் பசுவுக்குள் தள்ளுவதுபோல.
புதுசின் கழுத்து பதிமூன்று என்றேன்.
பதிமூன்று! என்று இன்னொருமுறையும் சொன்னேன்.

"கூரை?" என்றாள்.

முழங்காலுக்கு, குளிருக்கு,
'உனக்கு எதற்கு இதெல்லாம்' என்பதற்கு,
எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.
மார்ச் வந்தால் படுக்கையறைச் சுவரில்
தேநீர் நிறத்தில் இறங்கும் கூரைக்கு வைத்திருக்கவில்லை.

"முன்னறைத் திரைச்சீலை
அடி மடிக்காமல் குண்டூசியில் தொங்குகிறது.
ஒன்பது வருஷம்.
முதலில் அதைத் தை. இருக்கிற மிஷினில்."

கீழ்த்தளத்துக்கு இறங்கினேன்.
சாணுக்கு ஒருமுறை நூலை அறுக்கும் மிஷின் அது.
அடியில் குருவிக்கூடு கட்டும்,
மூலை திரும்பும்போது முக்கும்.
இன்றைக்கு அதன் முழுத் திறமையையும்
அவளுக்குக் காட்டு என்று வேண்டிக்கொண்டேன்.

பாவி, கோயில் பாடகன்போல் ஓடியது.
ஆறு திரை. நாற்பது முழம் இருக்கும்.
ஒரு நூல் அறவில்லை.
மிதியை வேண்டுமென்றே அழுத்தி மிரட்டினேன்;
இன்னும் நேராகத் தைத்தது.

தொங்கவிட்டதும் அவள் வந்தாள்.
கையெழுத்தைச் சரிபார்க்கும் அதே விரலால்
தையலை ஓரம்வரை தடவிப் பார்த்தாள்.
"நன்றாகத்தானே ஓடுகிறது?"
நாற்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு
பொய் சொல்ல இடம் இல்லை.
"இன்றைக்கு ஓடியது" என்றேன்.

பாத்திரம் கழுவினேன். அவள் துடைத்தாள்.
அத்தோடு போயிற்று என்று
போர்வைக்குள், நான் தைத்த நாலில் ஒன்றுக்குள்,
சுருண்டுகொண்டேன்.

பதினொன்றரை மணிக்குக் கீழே ஏதோ உரசும் சத்தம்.
என் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு
உறைபெட்டிக்கும் சுவருக்கும் நடுவில்
குந்தியிருந்தாள், கையில் என் அளவு நாடா.

"வந்தாயா, டப்பாவைப் பிடி."
பிடித்தேன்.
"நாலடி ஏழங்குலம்."
"ஐந்தடி வேண்டும்" என்றேன்.
குரல் எனக்கே கேட்கவில்லை.

உறைபெட்டியை விரல்முட்டியால் தட்டினாள்.
"இதில் பாதி உன் தம்பி சுட்ட மான்.
யாரும் தின்னப்போவதில்லை."

"பனிவண்டியை விற்று…" என்று ஆரம்பித்தேன்.
"அது கூரைக்கு" என்றாள்,
நாடாவின் முனையை விட்டாள்.
சீறிக்கொண்டு வந்து
என் கட்டைவிரலைக் கடித்தது,
பழைய தழும்பிலேயே.